உருளாத பாதரசம்

“உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்துதான் மதினி என் பிள்ளை இப்படி ஊதிப்போனா. எங்க வீட்டுல இருந்த வரைக்கும் அவளுக்கு ஒரு தலைவலி கிடையாது, ஒரு காய்ச்சல் கிடையாது.”

வார்த்தை மாறாமல் சொல்கிறேன். என் சம்பந்தியம்மா, அதாவது என் மருமகளைப் பெற்ற புண்ணியவதி, என் வீட்டு ஹாலில், என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூட ஒரு மேனர்ஸ் இருந்திருக்கும். ஒரு வாய் குடிப்பாள், ஒரு பழி போடுவாள். நான் விடுவேனா? தலைவலிகூட இல்லாத பிள்ளை எதற்கு மாதாமாதம் வயிற்றுவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்கினாள், அது யார் வீட்டுச் சீதனம் என்று கேட்டேன். அவள் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைச் சொன்னாள். நான் அவர்கள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைச் சொன்னேன். அன்றைக்குப் பேச்சு அப்படித்தான் போனது.

நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். அந்த ஃபேன் ஆடுகிற ஆட்டம் சரியில்லை. உங்கள் அண்ணன் டயாலிசிஸ் முடிந்து வர இன்னும் நேரம் ஆகும் என்றீர்களே. எனக்கும் ரிசல்ட் வர நேரம் ஆகும். எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை இவர்கள் எழுத்தில் தர வேண்டும், அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன். காலையிலேயே யூரின் கொடுத்துவிட்டேன். பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அந்த லேப் பையன் வந்து இன்னொரு தடவை கொடுங்கள் என்கிறான். முதலில் கொடுத்ததைக் கொட்டிவிட்டிருப்பான். கேட்டால் முழிக்கிறான். பிறகு ரத்தமும் வேண்டும் என்று ஒருத்தி வந்து ஊசியைக் குத்தினாள். எந்த வேலையையும் ஒரே தடவையில் முடிக்கத் தெரியாது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு. நான் படித்த கான்வென்ட்டில் இப்படி இருந்தால் சிஸ்டர் வெயிலில் நிறுத்திவிடுவார்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மருமகள். இந்துஜா என்று பெயர். நான் இந்து என்பேன். என் ஒரே பையன் கைலாஷ், காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். எங்கள் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் போன பிறகு பெருமாள்புரத்தில் அந்தப் பெரிய வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது ஒரு சத்தம் போடும். அப்புறம்தான் கைலாஷுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன்.

இந்து படித்த பெண். கை கால் சுறுசுறுப்பு. எதிர்த்துப் பேச மாட்டாள், அதே சமயம் மக்கும் கிடையாது. நிறம்தான் கொஞ்சம் மட்டு. கறுப்பு என்று நான் சொல்லவில்லை. மாநிறத்துக்கு ஒரு படி கீழே. எனக்கு அதெல்லாம் கிடையாது. கடவுள் முன்னால் எல்லோரும் ஒன்று என்று படித்து வளர்ந்தவள் நான். ஆனால் ஊர் வாய் இருக்கிறதே. கல்யாண மேடையில் என் நாத்தனார் என் காதில் வந்து, போட்டோவில் பொண்ணை எந்தப் பக்கம் நிறுத்தினால் தெரியும் என்று கேட்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பிள்ளைக்காகத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. இவர்கள் வாயை அடைக்கிறேன் பார் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

க்ரீம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ரெஜினா என்று ஒருத்தி, வீடு வீடாக வந்து புருவம் திருத்துவாள், அவள் கொண்டுவந்து தருவது. வெள்ளை டப்பா, தங்க நிற மூடி. அதன் மேல் இருக்கிற எழுத்து எந்த ஊர் எழுத்து என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளிநாட்டுச் சரக்கு, அவ்வளவுதான். நான் எதையும் முதலில் என் மேல் பார்க்காமல் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டேன். இந்து வருவதற்கு முன்பிருந்தே போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மூக்குக்கு இரண்டு பக்கமும் மங்கு இருந்தது, நிலக்கரி தேய்த்த மாதிரி. இப்போது பாருங்கள். இருக்கிறதா?

ஆனால் வெளியே சொல்ல முடியுமா? அவர் போய்ச் சேர்ந்த வருஷம் நான் ஒரு நாள் முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அதே நாத்தனார், அம்பாள் சன்னிதியில் வைத்து, இனிமேல் யாருக்குக் காட்ட இதெல்லாம் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நாலு பேர் கேட்கிற மாதிரி. நான் என்றைக்கும் பதில் சொல்லாமல் வந்தவள் இல்லை. அன்றைக்கு வந்தேன். அதற்குப் பிறகு க்ரீம் டப்பா என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

இந்து வந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. மத்தியானம் மூன்று மணிக்கு ஏனம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார வைப்பேன். நான் கட்டிலில். அவள் முகம், கழுத்து, முழங்கை, கால் மூட்டு வரைக்கும் தேய்த்துவிடுவேன். தனக்கே போட்டுக்கொள்ளத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சிக்கனம் பிடித்த பிள்ளை, துளியூண்டு எடுப்பாள். நான்தான் நிறைய எடுத்து அழுத்தித் தேய்ப்பேன். அப்போது ஆயிரம் பேசுவோம். அவள் காலேஜில் ஒரு லெக்சரர் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவாள். நான் எங்கள் சிஸ்டர் மாதிரி இங்கிலீஷில் திட்டிக் காட்டுவேன். கைலாஷ் பற்றியும் பேசுவோம், அவன் சிறுவயதில் சாதத்தை ஜன்னல் வழியாக வீசுவது எல்லாம்.

ஒரு நாள் அவளே கேட்டாள்: “அத்தை, உங்களுக்கு நான் போட்டு விடட்டுமா?”

வேண்டாம் என்றேன். அதற்குள் அவள் எழுந்து டப்பாவை வாங்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு என் முகத்தில் இன்னொருவர் கை பட்டது அன்றைக்குத்தான்.

சரி, அதை விடுங்கள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் அவளுக்கு, அவள் எனக்கு. இது கைலாஷுக்குக்கூடத் தெரியாது. அத்தை போட்டுக்கொள்வதை வெளியே மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தேன். அந்த விஷயத்தில் கெட்டிக்காரி. மூச்சு விடவில்லை.

நிறம் வந்ததா என்று கேளுங்கள். வந்தது. தெருவில் கேட்டார்கள். அதே நாத்தனாரே ஒரு கல்யாண வீட்டில் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, பொண்ணுக்கு உங்க வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு என்றாள். என் ஜென்மத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

என்ன, என் காலையே பார்க்கிறீர்கள்? செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறேன் என்றா? புதுச் செருப்பு. வார் வெட்டுகிறது. கடைக்காரன் என் அளவைக் கேட்டுவிட்டு ஒரு சைஸ் குறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டான். இந்த ஊரில் யாருக்கு எதில் அக்கறை இருக்கிறது?

அப்புறம்தான் இந்துவுக்கு ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் தேனீ கொட்டின மாதிரி இருக்கும். அழுதிருக்கிறாளோ, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு காலில் கொலுசு பதிந்து பள்ளம் விழுந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஒன்றுக்குப் போனால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வருகிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். எல்லோரும் கர்ப்பம் என்று சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். டாக்டரிடம் போனால் கர்ப்பமும் இல்லை, ஒன்றும் இல்லை. சிறுநீரில் புரோட்டீன் கொட்டிக்கொண்டு போகிறது என்கிறார்.

இங்கே இல்லை, அது வேறு ஆஸ்பத்திரி. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், அதனால்தான் இன்றைக்கு நான் இங்கே வந்தேன். இங்கே ஒரு முகமும் எனக்குத் தெரியாது. நிம்மதி.

அந்த டாக்டர் பொறுமைசாலி. படம் போட்டுச் சொன்னார். சிறுநீரகத்தில் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டிச் சல்லடை இருக்கிறதாம். கழிவை வெளியே விட்டு, உடம்புக்கு வேண்டிய சத்தை உள்ளே நிறுத்தி வைக்க வேண்டுமாம். இந்துவுக்குச் சல்லடையின் சவ்வு தடித்துக் கெட்டுப்போய், உள்ளே நிற்க வேண்டியது ஒழுகிக்கொண்டு இருக்கிறதாம். அப்படியே விட்டால் சிறுநீரகமே போய்விடலாம் என்றார். சரி, ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டேன். அதைத்தான் தேட வேண்டும் என்கிறார். இந்த நோய்க்குக் காரணம் ஒன்று இல்லையாம். சர்க்கரையா, மஞ்சள்காமாலைக் கிருமியா, உடம்பு தன்னையே தாக்குகிற லூபஸா, வலி மாத்திரையா, நாட்டு மருந்தா, எங்கேயாவது கட்டியா, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வர வேண்டும் என்றார்.

அவர் தள்ளிக்கொண்டே வந்தார். சர்க்கரை இல்லை. காமாலை இல்லை. லூபஸ் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு தேடல் நடந்தது, கேளுங்கள். அங்கே எதுவும் தள்ளப்படவில்லை, சேர்ந்துகொண்டே போனது. இந்துவின் அம்மா போனில் எங்கள் தண்ணீரைச் சேர்த்தாள். நான் இந்துவின் காலேஜ் ஹாஸ்டல் சாப்பாட்டைச் சேர்த்தேன். நாத்தனார் வந்து, பொண்ணு வம்சத்தில் யாருக்கோ இருந்திருக்கும், மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று புதிதாக ஒன்றைக் கொளுத்திப் போட்டாள். கைலாஷ் எல்லோரும் வாயை மூடுங்கள் என்று கத்தினான். அவன் கத்தி நான் பார்த்ததில்லை. நடுவில் அந்தப் பிள்ளைக்கு முதுகில் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் பக்கத்தில் இருந்து ஸ்பூனில் கஞ்சி கொடுத்தேன். இதையெல்லாம் இப்போது யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

துணுக்கின் ரிசல்ட் வந்த பிறகு டாக்டர் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார். நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் ஏதாவது? இல்லை. முகத்துக்கு ஏதாவது க்ரீம்? நான் சட்டென்று, எங்கள் வீட்டில் சோப்பு, பவுடர் தவிர ஒன்றும் கிடையாது டாக்டர் என்றேன். பக்கத்திலேயே கைலாஷ் உட்கார்ந்திருக்கிறான். நான் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கேட்டது நோய்க்குக் காரணம். க்ரீம் எப்படி நோய்க்குக் காரணம் ஆகும்? அது தோலுக்கு மேலே போடுவது. சிறுநீரகம் முதுகுக்குள்ளே இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. இந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த தடவை போனபோது அவளே ஹேண்ட்பேகைத் திறந்து டப்பாவை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைலாஷ் இது என்ன என்று கேட்கிறான். டாக்டர், இதை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார்.

“நானே வாங்கினதுதான் டாக்டர்” என்றாள்.

டாக்டரிடமே பொய். அதுவும் கண்ணைச் சிமிட்டாமல். நான் அசந்துபோனேன். இந்தப் பெண்ணா, இவ்வளவு அழுத்தமா என்று நினைத்தேன். ஆனால் அந்த இடத்தில் நான் என்ன செய்ய? மருமகளைப் பொய்க்காரி என்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கிற ஆள் நான் இல்லை.

அதை எங்கேயோ அனுப்பிப் பரிசோதித்தார்கள். அதில் பாதரசமாம். அவள் ரத்தத்திலும் பாதரசமாம். வெளுப்பதற்காக அதைக் கலக்கிறார்களாம், தோல் வழியாக உள்ளே போய்ச் சல்லடையைக் கெடுக்குமாம். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா? பாதரசத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் லேபில் ஒருத்தி தெர்மாமீட்டரைக் கீழே போட்டு உடைத்தாள். தரையெல்லாம் வெள்ளி முத்து மாதிரி உருண்டு ஓடியது. அவ்வளவு அழகு. நாங்கள் எல்லோரும் குனிந்து பொறுக்கப் போனோம். சிஸ்டர் பதறிப்போய் எங்களை எல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். எதற்கு அவ்வளவு பதற்றம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாதரசம் என்றால் உருளும். இந்த க்ரீம் உருளவில்லை. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி நிற்கும். சரி, அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு முன்னாலிருந்து நான் போடுகிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லையே? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும் அந்த டாக்டர். கேட்கத்தான் முடியவில்லை, கைலாஷ் கூடவே இருந்தான்.

நல்ல வேளை, க்ரீமை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும், வேறு பெரிய மருந்து இப்போதைக்கு வேண்டாம், பிரஷர் மாத்திரையும் உப்பில்லாச் சாப்பாடும் போதும் என்று டாக்டர் சொன்னார். கைலாஷுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். இனி என்ன, பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சம்பந்தியம்மா காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கொஞ்ச நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாளாம். அப்போது சொன்னதுதான் நான் முதலில் சொன்னது. உங்க வீட்டுக்கு வந்துதான் என் பிள்ளை ஊதிப்போனா.

தண்ணீர், பரோட்டா எல்லாம் முடிந்து, கடைசியில் அவள் ஒரு வார்த்தை கேட்டாள். என் பிள்ளைக்கு இந்த முகப்பூச்சுப் பைத்தியம் எல்லாம் கிடையாதே, இங்கே யார் பழக்கிவிட்டது என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். ஹாலில் கைலாஷ் நிற்கிறான். இந்து உள்அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் சொன்னேன்: “உங்க பொண்ணு தானா வாங்கிப் பூசிக்கிட்டா. டாக்டர்கிட்ட அவளே சொன்னா. உங்க மாப்பிள்ளையையே கேளுங்க.”

நடந்ததைத்தானே சொன்னேன்? அவள் வாயால் சொன்னதைத்தானே நான் திருப்பிச் சொன்னேன்? ஒரு எழுத்து கூட்டிச் சொல்லவில்லை. கைலாஷும் ஆமாம் என்றான். சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். ஜெயித்தது நான்தான். ஆனால் அந்த இந்து எதற்கு அப்படிப் பார்த்தாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அழவும் இல்லை முழுசாக. வாயை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே போனாள், பெட்டியைக் கட்டினாள், வெளியே வந்தாள். போயிட்டு வாரேன் அத்தை என்று சொல்லிவிட்டு வழக்கமாகக் காலைத் தொடுவாள். அன்றைக்குக் குனிய முடியவில்லை போல, வீக்கம். அப்படியே போய்க் காரில் ஏறிவிட்டாள்.

கைலாஷும் வாரக் கடைசியானால் அங்கேதான் போகிறான். வீட்டில் இருக்கிற நாளிலும் சாப்பாடு ஆயிற்றா என்றால் ஆயிற்று. அவ்வளவுதான் பேச்சு. எல்லா வேலையும் என் தலையில். ஃபினாயில் முதற்கொண்டு இந்துதான் பார்த்து வாங்குவாள். இப்போது நான் வாங்குவது எதுவும் சரியில்லை. பாத்ரூமில் ஒரே நுரை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நுரை போவதில்லை. கம்பெனியை மாற்றிப் பார்த்தேன். அதுவும் நுரைக்கிறது.

மூன்று மணிதான் கஷ்டம். ஏனம் கழுவிக் கவிழ்த்த பிறகு அந்த வீட்டில் சத்தமே இருக்காது. டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருவேன். ஆமாம், ரெஜினா புது டப்பா கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். முன்பைவிட இப்போது கூடுதலாகத்தான் போடுகிறேன். இதில் விஷம் இருந்தால் என்னை என்ன செய்கிறது பார்க்கலாம் என்றுதான். தரையில் அவள் உட்காருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொள்வேன். சில நாள் சிஸ்டர் மாதிரி பேசியும் பார்ப்பேன். கேட்க ஆள் இல்லாவிட்டால் இங்கிலீஷ் திட்டுகூட எடுபடாது.

அவள் ஒரு தடவை போன் செய்தாள். ஒரே ஒரு தடவை. வீக்கம் வடிந்துவிட்டது, புரோட்டீன் போவது குறைந்துகொண்டு வருகிறது, கொலுசு போட ஆரம்பித்திருக்கிறேன் என்றாள். குரல் நன்றாக இருந்தது. நானும் நல்லது என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அத்தை, நீங்க அதைப் போடுறதை விட்டுட்டீங்களா? ஒரு தடவை யூரின் டெஸ்ட் மட்டும் எடுத்துப் பாருங்க. அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க போய் எடுத்துட்டு வந்தா போதும்.”

பாருங்கள் எவ்வளவு சாமர்த்தியம். எனக்கும் வியாதி என்று வந்துவிட்டால், குற்றம் க்ரீம் மேல் நிரூபணம் ஆகிவிடும் அல்லவா? அதற்குத்தான் அந்த அக்கறை. எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கேன், உன் உடம்பை நீ பாரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? பெரியவள் நான்.

ஆனால் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் யோசித்தேன், ஏன் எடுக்கக் கூடாது? எடுத்து, ஒன்றுமில்லை என்று கையில் வாங்கி, நேரே விருதுநகர் பஸ் ஏறி, சம்பந்தியம்மா வீட்டு மேஜையில் வைக்கிறேன். இதோ பார், நானும் போட்டேன், உன் பிள்ளைக்கு முன்னாலிருந்து போட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறேன். நாத்தனார் காதில் விழுந்தால் விழட்டும். கைலாஷும் தெரிந்துகொள்ளட்டும். காரணம் எங்கள் வீடு இல்லை என்று ஆகிவிட்டால், அவளை அங்கே வைத்திருக்க அவர்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது? கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். க்ரீம் வேண்டாம் என்றால் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வோம். எதையோ ஒன்றைத் தேய்த்துக்கொள்வோம், அவள் வந்து உட்கார்ந்தால் போதும்.

இருங்கள், அங்கே ஒருத்தி யாரையோ கூப்பிடுகிறாள். என்னையா? ஆமாம் அம்மா, ஆவுடையம்மாள் நான்தான். இங்கேயே கொண்டுவந்து கொடு ரிசல்ட்டை, இவ்வளவு தூரம் எதற்குக் கத்துகிறாய்.

என்ன? டாக்டர் பார்க்க வேண்டுமா? எனக்கு டாக்டர் வேண்டாம், நான் டெஸ்ட்டுக்கு மட்டும்தான் வந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், தாளைக் கொடுத்தால் நானே பார்த்துக்கொள்வேன். கூட வந்தவரா? யாரும் வரவில்லை. எதற்குக் கூட ஆள்? நான் என்ன குழந்தையா?

கேட்டீர்களா அவள் சொன்னதை? கூட யாராவது இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்குப் போன் செய்து வரச்சொல்லுங்கள் என்கிறாள். யாரை வரச்சொல்ல? கைலாஷ் இப்போது ஏதாவது காற்றாடி உச்சியில் இருப்பான். அவனைக் கூப்பிட்டால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாத்தனாரைக் கூப்பிடுவதற்குப் பதில் நான் சல்லடை இல்லாமலே இருந்துகொள்வேன். இந்துவைக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். அவள் உடம்பு இருக்கிற நிலையில், யார் சொன்னாலும் கேட்காமல், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். அவ்வளவு பிடிவாதம். கூப்பிட மாட்டேன்.

ஒன்றும் இருக்காது. இந்த ஆஸ்பத்திரிகளில் இப்படித்தான், சும்மா பயம் காட்டுவார்கள். உங்களுக்குத் தெரியாததா, உங்கள் அண்ணனோடு எத்தனை தடவை வந்திருப்பீர்கள். இவர்கள் பேசுகிற பேச்செல்லாம் உங்களுக்குப் பழகியிருக்கும்.

நீங்கள் வாருங்களேன். அஞ்சு நிமிஷம். ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்தால் போதும். பேசுவதை எல்லாம் நான் பேசிக்கொள்வேன். தங்கை என்று சொல்லிக்கொள்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். இவ்வளவு நேரம் பேசினேன், உங்கள் பெயரைக் கேட்கவில்லை பாருங்கள். உங்கள் பெயர் என்ன? அந்தப் பெண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தச் செருப்பு வேறு ஏற மாட்டேன் என்கிறது. கிடக்கட்டும். உங்களைத்தான். கொஞ்சம் எழுந்து என் கூட வாருங்களேன்.